கறுப்பு பீரும் வாற்கோதுமையும்: ஒரு தானிய வியாபாரி கண்டது

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். சென்ற முறை மரக்கால், படி, உழக்கு என்று நம் பழைய அளவைகளைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை தலைப்பைச் சொன்னதும் செயலாளர் ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "நயினார், நீங்களா?" என்றார். நான்தான். மதுவைத் தொட்டறியாத குடும்பத்தில் பிறந்தவன். இன்றுவரை பொழுது சாய்ந்த பின் உணவு கொள்ளாதவன். ஆனால் நாற்பது ஆண்டுகள் தில்லியில் வாற்கோதுமை விற்றவன். வாற்கோதுமை என்றால் பார்லிதான். இங்கே மண்டியில் "ஜௌ" என்பார்கள். அந்தத் தானியம் என் கடை வாசலைத் தாண்டி எங்கே போகிறது என்பதை என் அறுபதாவது வயதில், இங்கிலாந்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில்தான் கண்டேன். கண்டதையும் பிறகு படித்ததையும் எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு லீட்ஸ் நகரில் இருக்கும் என் தம்பி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாம் நாள் குடை தேடப் போய் மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்தால், பழுப்பு நிறப் பாட்டில்கள் வரிசையாக நாற்பதுக்கு மேல் நிற்கின்றன. பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. பையன் முகம் சுண்டிப் போயிற்று. நான் கத்தவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, "என்னப்பா இது?" என்றேன். "ஸ்டவுட், பெரியப்பா. கறுப்பு பீர். வீட்டிலேயே செய்றது" என்றான். எங்கள் வீட்டுப் பிள்ளையா இப்படி என்று நான் தொடங்கியதும் அவன் மெதுவாகக் கேட்டான்: "நீங்க வித்த பார்லி எல்லாம் எங்கே போச்சு பெரியப்பா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. ஹரியானாப் பக்கம் ஒரு மால்ட் ஆலைக்கு ஆண்டுதோறும் சரக்கு கொடுத்தேன். மால்ட் என்பது ஹார்லிக்ஸ் போன்ற குழந்தைகள் பானத்துக்கும் போகிறது; அதைச் சொல்லியே மனதைத் தேற்றி வந்தேன். அதே மால்ட் பீருக்கும் போகிறது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். கேட்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அதனால் அவனிடம், "சரி, அடுத்த முறை செய்யும்போது காட்டு. ஆதியோடு அந்தமாகப் பார்க்கிறேன்" என்று சொன்னேன். என் விசா ஆறு மாதத்துக்கு இருந்தது.

முதலில் தானியத்தில் இருந்து தொடங்க வேண்டும். மால்ட் ஆலைக்காரன் மண்டிக்கு வந்தால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் முளைப்பைத்தான் கேட்பான். நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் முளை கட்ட வேண்டும். உடைந்த மணி ஆகாது, மழையில் நனைந்த மணி ஆகாது, புரதம் கூடிய மணியும் ஆகாது. மாட்டுத் தீவனத்துக்குப் போகும் பார்லிக்கும் இதற்கும் அதனால்தான் விலையில் வேறுபாடு. ஏன் முளைப்பு வேண்டும்? மணிக்குள் இருப்பது மாவு. மாவை ஈஸ்ட் தின்னாது, சர்க்கரையைத்தான் தின்னும். முளைக்கும்போது மணி தனக்குத்தானே ஒரு நொதியை உண்டாக்கி மாவைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. 1833இல் பயன், பெர்சோ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் முளைத்த வாற்கோதுமையில் இருந்துதான் இந்த நொதியைப் பிரித்துக் காட்டினார்கள். டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். ஆலையில் மணியை ஊற வைத்து, சில நாள் முளைக்க விட்டு, முளை நீளுமுன் சூட்டில் உலர்த்தி நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் மால்ட். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து, அரைத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கிறோமே, அந்த வேலையேதான்.

பீர் ஆலைகளில் இந்த மால்ட்டை இடித்து ஏறத்தாழ 65 டிகிரி வெந்நீரில் ஊற வைப்பார்கள். மிச்சமிருக்கும் மாவும் சர்க்கரையாகிவிடும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கசப்பு அதில் இருந்து வருகிறது, கெட்டுப்போகாமல் காப்பதும் அதுவே. வீட்டுக்காரன் வாங்கும் 'கிட்' என்பது இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு நீரை வற்றவைத்து டப்பாவில் அடைத்த பாகு. ஒன்றரை முதல் 1.7 கிலோ வரை இருக்கும். கருப்பட்டிப் பாகு போலக் கெட்டியாக, தார் நிறத்தில். மூடிக்கு அடியில் சின்னப் பொட்டலத்தில் உலர்ந்த ஈஸ்ட்.

நிறம் ஏன் கறுப்பு என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சுமைக்கூலிகள் விரும்பிக் குடித்த கரும்பழுப்பு பீருக்கு அவர்கள் பெயராலேயே 'போர்ட்டர்' என்று பெயர் வந்தது. அதில் வலுக் கூடியதை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றார்கள். ஸ்டவுட் என்றால் வலுவானது. பிறகு போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றது. 1759இல் ஆர்தர் கின்னஸ் என்பவர் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஒரு பழைய ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகைக்கு எடுத்தார். குத்தகை எத்தனை ஆண்டுக்குத் தெரியுமா? 9,000 ஆண்டுகளுக்கு! நானும் கடைக்கு வாடகை ஒப்பந்தம் போட்டவன். பதினோரு மாதத்துக்கு மேல் எழுத எந்த வீட்டுக்காரரும் சம்மதித்ததில்லை.

1817இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை உருளையில் சுழற்றி வறுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். காபிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்றதுதான். கருகாமல் கறுக்க வறுத்த மால்ட்டில் கொஞ்சம் சேர்த்தாலே முழுப் பீரும் கறுத்துவிடும் என்று ஆனபோது செலவு குறைந்தது. ஸ்டவுட்டில் காபி வாடை அடிப்பதற்கு இந்த வறுப்புதான் காரணம். காபி அதில் இருக்க வேண்டிய அவசியமில்லை. முளைகட்டாத வாற்கோதுமையையே வறுத்துச் சேர்ப்பதும் பின்னாளில் பரவிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து லண்டன் ஆலைகள் போர்ட்டரை மாதக்கணக்கில் வைத்திருக்க வீடு அளவு மரத்தொட்டிகளைக் கட்டின. 1814 அக்டோபர் 17 அன்று டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு அருகில் ஓர் ஆலையில் தொட்டியின் இரும்புப் பட்டை ஒன்று கழன்றது. சிறிது நேரத்தில் தொட்டியே உடைந்து, பீர் வெள்ளம் பின்பக்கத்துச் சுவரைத் தகர்த்து ஏழைக் குடியிருப்புக்குள் பாய்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். இதைப் படித்தபோது வேடிக்கைச் செய்தி போலத்தான் இருந்தது. பெண்களும் குழந்தைகளுமாக இறந்தவர்களின் வயதைப் படித்த பிறகு வேடிக்கை போய்விட்டது.

இனி பையன் செய்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை. முதல் இரண்டு மணி நேரமும் கழுவல்தான். வாளி, கரண்டி, குழாய், வெப்பமானி எல்லாவற்றையும் கிருமிநீக்கும் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தான். பெருங்கவனம். நம் வீட்டுப் பெண்கள் ஊறுகாய் ஜாடியைத் துடைத்து வெயிலில் காய வைப்பார்கள் அல்லவா, அதற்கும் மேல். காரணம் எளிது: இனிப்பு நீர் ஈஸ்ட்டுக்கு மட்டும் விருந்து அல்ல, காற்றில் அலையும் எல்லாக் கிருமிக்கும் விருந்து. வேண்டாதது முந்திக்கொண்டால் காடி ஆகிவிடும்.

டப்பாவை வெந்நீரில் நிறுத்தி இளக்கினான். பாகை வாளியில் ஊற்றி, கொதிநீர் மூன்று லிட்டர், கூடவே ஒரு கிலோ மால்ட் பொடி. வெறும் சர்க்கரையும் போடலாமாம். போட்டால் பீர் நீர்த்துப்போகும் என்றான். கலக்கிய பின் குளிர்ந்த நீரைச் சேர்த்து 23 லிட்டர் ஆக்கினான். சூடு 20 டிகிரிக்கு வந்ததும் ஈஸ்ட்டை மேலே தூவி மூடினான். உறை ஊற்றுவது என்று நாம் பாலுக்குச் சொல்வது இதற்கும் பொருந்தும்: சூடு அதிகமானால் உறை செத்துப்போகும், ஆறிப்போனால் வேலை செய்யாது.

ஈஸ்ட் போடுமுன் ஒரு கண்ணாடிக் குழாயை நீரில் மிதக்கவிட்டு அளவு எடுத்தான். ஹைட்ரோமீட்டர். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பால்காரர் பாலில் தண்ணீர் கலந்தாரா என்று பார்க்கும் பால்மானியின் அண்ணன்தான் அது. வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை கரைந்த நீர் கனமானது, ஆகவே மேலே மிதந்து அன்று 1.044 காட்டிற்று. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, ஒரு பாதியைச் சாராயமாகவும் மறு பாதியைக் கரியமில வாயுவாகவும் ஆக்குகிறது. வாயு வெளியே போய்விடும், நீர் லேசாகும், அளவு இறங்கும். தொடக்க அளவில் இருந்து இறுதி அளவைக் கழித்து 131ஆல் பெருக்கினால் சாராயத்தின் விழுக்காடு ஏறக்குறைய வந்துவிடும். கடைசியில் 1.012 நின்றது. வித்தியாசம் 0.032, பெருக்கினால் நான்கும் கொஞ்சமும். ஒரு வியாபாரிக்கு இதைவிடத் தெளிவான கணக்கு எங்கே கிடைக்கும்?

மறுநாள் வாளியைத் திறக்காமலே மூடி விளிம்பில் நுரை தெரிந்தது. இரவு ஊற வைத்த இட்லி மாவு பொங்கி வழிவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. மூன்று நாளில் நுரை அடங்கிற்று. ஈஸ்ட் கீழே வண்டலாகப் படிந்தது. எங்கள் சமயத்தில் மாவைப் பொங்க விட்டுச் சமைப்பதையே உயிர்க்கொலை என்று தவிர்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த வாளியைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாட்டிலில் அடைப்பதுதான் ஆபத்தான கட்டம். சோடாவில் வாயுவை எந்திரத்தால் ஏற்றுவார்கள். வீட்டு பீரில் எந்திரம் கிடையாது. ஈஸ்ட்டே பாட்டிலுக்குள் வாயு உண்டாக்க வேண்டும். அதற்காக அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்க்கிறார்கள். கணக்கு இது: ஒரு கிராம் சர்க்கரை ஏறத்தாழ அரை கிராம் வாயு தரும். லிட்டருக்கு நான்கு கிராம் சர்க்கரை போட்டால், ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு கூடுதலாகக் கரைந்து நிற்கும். ஸ்டவுட்டுக்கு மென்மையான நுரை போதும், ஆகவே லிட்டருக்கு ஐந்து கிராம். 23 லிட்டருக்கு 115 கிராம். பையன் கரண்டியால் அள்ளிப் போடப் போனான். நான் தடுத்துத் தராசு கேட்டேன். அவன் வீட்டில் சமையல் தராசு இருந்தது, பயன்படுத்தியதே இல்லை.

தராசை ஏன் வலியுறுத்தினேன் என்றால், அவன் முதல் முயற்சியின் கதையை அதற்குள் சொல்லியிருந்தான். டிசம்பர் மாதம், வீடு குளிர். டப்பாவின் மேல் ஒரு வாரம் என்று போட்டிருந்ததால் ஏழாம் நாள் பாட்டிலில் அடைத்துவிட்டான். குளிரில் ஈஸ்ட் பாதி வேலையில் உறங்கிப் போயிருந்தது அவனுக்குத் தெரியவில்லை. ஏப்ரலில் வெயில் வந்ததும் அது விழித்து மிச்சச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கிற்று. மூடிய பாட்டிலில் வாயு போக வழி ஏது? ஓர் இரவு மாடிப்படிக்கு அடியில் வெடிச்சத்தம். ஒன்று வெடித்துப் பக்கத்துப் பாட்டிலை உடைக்க, ஏழு போயிற்று. மறுநாள் காலை கதவின் உட்பக்கத்தில் கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. அவன் மகளுக்கு அப்போது நான்கு வயது. அந்த அலமாரியில்தான் அவள் ஒளிந்து விளையாடுவாள்.

இதைக் கேட்ட பிறகு நான் மதுவைப் பற்றிப் பேசவில்லை. "இனிமே நாள் கணக்கு வேண்டாம், மானி கணக்கு மட்டும்" என்றேன். ஹைட்ரோமீட்டரில் நான்கு புள்ளி மட்டும் மிச்சமிருக்க அடைத்தாலும், சர்க்கரை போடாமலே ஸ்டவுட்டுக்கு வேண்டிய வாயு பாட்டிலுக்குள் உண்டாகிவிடும். அதற்கு மேல் அடைப்புச் சர்க்கரையும் சேர்ந்தால் இரட்டிப்பு. மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு நின்றால்தான் அடைக்கலாம். சோடாவுக்கென்று செய்த கெட்டிப் பாட்டில் வேண்டும். மெல்லிய கண்ணாடி கூடாது. பழுப்புக் கண்ணாடி நல்லது, ஏனெனில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றம் பிடிக்கும். மூடிக்கு ஒரு கைக்கருவி: இரண்டு கைப்பிடி, அழுத்தினால் கிரவுன் மூடி மடிந்து பிடித்துக்கொள்ளும். 1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற அதே மூடி. நம் ஊர் கலர் பாட்டிலிலும் அதுதான். இரண்டு வாரம் அறைச்சூட்டில், பிறகு குளிர்ந்த இடத்தில் மேலும் சில வாரம். ஊற்றும்போது அடியில் ஒரு விரல் வண்டலை விட்டுவிட வேண்டும்.

சட்டம் என்ன என்று சிலர் கேட்பீர்கள். இங்கிலாந்தில் 1880 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது. 1963இல் அதை எடுத்துவிட்டார்கள். விற்கக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1978இல் இயற்றிய சட்டம், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை வரியின்றி விட்டது. நம் நாட்டில் மது மாநிலப் பட்டியலில் உள்ளது. அந்தந்த மாநிலக் கலால் சட்டப்படி உரிமமின்றித் தயாரிப்பது குற்றம். சில பழங்குடி மக்களின் அரிசி மதுவுக்குச் சில மாநிலங்களில் விலக்கு உண்டு. ஆகவே வெளிநாடு போய்வரும் பிள்ளைகள் டப்பாவைப் பெட்டியில் போட்டு வந்து தில்லி அடுக்ககத்தில் தொடங்கிவிட வேண்டாம்.

வீட்டு மது நமக்குப் புதிதா என்றால், இல்லை. சங்க நூல்கள் தோப்பி என்று நெல்லில் செய்த கள்ளைச் சொல்கின்றன. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பாடும் பகுதியில் செய்முறையே இருக்கிறது: அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, நல்லடை சேர்த்து, இரண்டு இரவும் பகலும் கழித்து, கெட்டி வாய்ச் சாடியில் விளையவிடுவது. அந்த நல்லடையை நெல்முளை என்று கொள்கிறார்கள். என் பள்ளி நாளில் இதைப் படித்தபோது ஒன்றும் விளங்கவில்லை. லீட்ஸில் அந்த வாளிக்கு முன்னால் நின்றபோதுதான், அது மால்ட் என்று பளிச்சென்று பட்டது. களியை ஏன் ஆற்றுகிறார்கள்? சூட்டில் போட்டால் முளையின் நொதி கெடும். புலவர் வேதியியல் படித்தவர் அல்லர், அடுப்படியைப் பார்த்தவர்.

கின்னஸ் ஆலையைப் பற்றிய ஒரு செய்தியை வியாபாரிகளுக்காகச் சொல்கிறேன். மண்டியில் மூட்டைக்குள் குத்தூசி விட்டு ஒரு பிடி எடுத்து, அதை வைத்து நூறு மூட்டைக்கு விலை பேசுகிறோம். வடக்கே அந்த ஊசியை 'பர்கி' என்பார்கள். அந்த ஒரு பிடியை எவ்வளவு நம்பலாம்? 1899இல் அந்த ஆலையில் சேர்ந்த வில்லியம் காசெட் இதே கேள்வியோடு மல்லாடினார். சிறிய மாதிரியை வைத்து எவ்வளவு தூரம் முடிவு சொல்லலாம் என்பதற்கு வழி கண்டு, 1908இல் 'ஸ்டூடென்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். இன்று மருந்துச் சோதனை வரை அந்தக் கணக்கு பயன்படுகிறது. வாற்கோதுமையால் உலகுக்கு விளைந்த நன்மைகளில் இதையும் சேர்க்க வேண்டும்.

ஸ்டவுட் உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. இரும்புச் சத்து, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கலாம் என்றெல்லாம். 1929இல் தொடங்கிய விளம்பரம் பரப்பிய எண்ணம் இது. அதில் உள்ள இரும்பு சொற்பம். ஒரு பிடி கீரைக்கு ஈடாகாது. மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. சைவர் என்று நினைத்துக் குடிப்பவர்களுக்கும் ஒரு சொல்: பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையில் இருந்து எடுத்த பசையைச் சேர்க்கும் வழக்கம் பல ஆலைகளில் நெடுங்காலம் இருந்தது. கின்னஸ் அதைக் கைவிடுவதாக 2015இல்தான் அறிவித்தது.

சமந்தபத்திரரின் சிராவகாசார நூல் இல்லறத்தார்க்குக் கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குகிறது. இல்லறத்தார் செய்யத்தகாத 15 தொழில்கள் என்று ஒரு பட்டியலும் எங்கள் மரபில் உண்டு. மது விற்பது அடங்கிய 'ரச வாணிகம்' அதில் ஒன்று. தானியம் விற்பது பட்டியலில் இல்லை. நாற்பது ஆண்டுகள் அந்த இடைவெளியில்தான் நான் கடை நடத்தினேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஊர் திரும்பி, அடுத்த பங்குனி அறுவடையில் ஆலை முகவர் வந்தபோது முதன்முறையாகக் கேட்டேன்: "எதுக்குப் போகுது?" "ஆர்டர் எதுக்கு வருதோ அதுக்கு, சேட்ஜி" என்றார். அந்த ஆண்டு மால்ட் ஆலைக்குக் கொடுக்கவில்லை. சத்துமாவுக்காரர்களுக்கும் தீவனத்துக்கும் போட்டேன். விலை இறங்கிற்று. இப்போது கடையை மகன் பார்க்கிறான். அவன் ஆலைக்குக் கொடுக்கிறான். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

லீட்ஸில் பையனும் நிறுத்தவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை போடுகிறான். பாட்டில்களை இப்போது பூட்டிய கொட்டகையில் வைக்கிறான். அடைக்கும் முன் எனக்குத் தொலைபேசியில் கேட்கிறான். சென்ற மாதம் வந்த கேள்வி: "நேத்து 1.012, இன்னிக்கும் 1.012. மூடிரலாமா பெரியப்பா?"

"இன்னும் ஒரு நாள் பொறு" என்றேன்.